ராட்ரிக் ஹால்பரியின் தனிமை

மனிதகுலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: ராட்ரிக் ஹால்பரி, நியூசிலாந்துக்குத் தெற்கே ஆளில்லாத ஆக்லாந்து தீவில் காலடி வைத்துவிட்டார். அத்தனை காலமும் அந்தத் தீவு மழையில் நனைந்தபடி அவருக்காகத்தான் காத்திருந்தது. இதைப் படகில் வரும்போது அவரே எங்களுக்குச் சொன்னார்.

நானும் ஹேமியும் வழிகாட்டிகள். வருடாவருடம் நியூசிலாந்தின் தென்கோடியிலிருந்து இப்படிப்பட்ட மகான்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவோம். அல்பட்ராஸ் பறவையைப் பார்க்க வந்து, அது தங்களைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரும்புவார்கள்.

கப்பல் உடைந்து கரையேறுகிறவர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிவைத்த மரக்குடில் ஒன்று அங்கே உண்டு. ராட்ரிக் அதற்குள் தனியாக உட்கார வேண்டுமாம்.

"உள்ள போகக் கூடாதுங்க. விதி."

"விதியெல்லாம் சுற்றுலா வர்றவனுக்குய்யா. நான் சாகசக்காரன்."

அவர் மனைவி மேரியல் கடல்சிங்கத்தைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஒரு வாக்கிடாக்கியை அவர் கையில் திணித்து உள்ளே விட்டுவிட்டேன். தொல்லை ஒழிந்தது.

பனிமூட்டம் இறங்கியது. கடல்சிங்கங்கள் ஒரேயடியாகக் குரலை நிறுத்தின. சீல் கொழுப்பு எரிகிற நாற்றம் எங்கிருந்தோ வந்தது. கரையொதுங்கியவர்கள் அங்கே தீ மூட்டி நூறு வருடமாகிறது.

குடிலுக்குள் யாரோ இருமினார்கள்.

இன்னொருவரும் இருமினார்.

காற்று மாறியதால் கப்பலிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். குரல் கொடுத்தேன். கப்பலில் எல்லோருக்கும் கொடுத்த சிவப்புக் கோட்டில், முக்காட்டை இழுத்துவிட்டபடி ஒருவர் வந்து வாய் திறக்காமல் படகேறினார். ராட்ரிக் வாய் திறக்கவில்லை! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு தீவின் விதை இன்னொரு தீவுக்குப் போய்விடக் கூடாதென்று, ஏறுகிறவர்களின் பூட்ஸைத்தான் குனிந்து குனிந்து தேய்ப்போம்.

"ப்ரோ, இவரு பூட்ஸப் பாரேன்," என்றான் ஹேமி. "ஒரு புல்லுகூட ஒட்டல. மனுசன் நடந்தாரா, மெதந்தாரா?"

கப்பல் நகர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டைக் கையால் வளைத்துக்கொண்டு ரொட்டி முழுவதையும் தின்றார். முக்காட்டுக்குள் உப்புப் பூத்த தாடி தெரிந்தது.

ராட்ரிக்குக்குத் தாடி கிடையாது.

என் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"ராட்ரிக் பேசறேன்... கரையில யாருமே இல்ல. என் கோட்டும் இல்ல. குளிருது. தயவுசெஞ்சு வாங்க."

'தயவுசெஞ்சு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

ஹேமி எழுந்துவிட்டான். "இப்பவே திரும்பினா ஆளு பொழைப்பாரு, ப்ரோ. கேப்டன்கிட்ட சொல்லிரலாம்."

தாடிக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அவருடைய ஈரக் கைக்குள் மேரியலின் கை இருந்தது.

"சொல்லாதீங்க," என்றாள் மெதுவாக.

"மேடம், அங்க கெடக்கறது உங்க வீட்டுக்காரர்."

"தெரியும். இவரு நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கறாரு."

ஹேமி ஓடிப்போய்ச் சொன்னான். கேப்டன் வந்து எல்லோர் தலையையும் எண்ணினார்.

"ஆள் கணக்கு சரியாத்தானே இருக்கு? இந்தக் கடல்ல எவன் கப்பலத் திருப்புவான்?"

மறுநாள் அடுத்த தீவில் பெங்குயின் பார்க்கப் போனோம். தாடிக்காரரும் வந்தார்.