கொல்லிமலைத் தேன்தின்னி

உலக மொழியியல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க கண்டுபிடிப்பு ஒன்று, 1936 சித்திரையில், கொல்லிமலைக் குண்டனி நாட்டில் ஒரு கூடார வாசலில் நிகழ்ந்தது. நிகழ்த்தியவர் பன்மொழிப் புலவர் ராவ் சாகிப் அண்ணாமலை. அதன் பயனாகத் தேன் வெட்டும் கருப்பண்ணன் கையில் விலங்கு ஏறியது.

கூடாரத்தில் தங்கிச் செடி சேகரித்த செக் நாட்டுக்காரர் தோள் கிழிந்து கிடந்தார். அவருடைய தேன்பானை நொறுங்கியிருந்தது. நினைவு தப்புமுன், தன்னைத் தூக்க ஓடிவந்த கருப்பண்ணனிடம் அவர் சொன்னது ஒரே சொல்: "மெத்வியெத்."

"மெத் என்றால் தேன்; நம் மதுவின் உறவு. சொல்லின் மிச்சம், உண்பவன்," என்றார் ராவ் சாகிப். "செக் முதலான ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் பொதுவான சொல். இந்த மலையில் தேன் தின்பவன் வேறு யார்?"

வெள்ளைக்காரர் செத்தால் தூக்கு. கைதியை இழுத்துக்கொண்டு புறப்பட்ட கான்ஸ்டபிள் ராசாமணியைக் கருப்பண்ணன் மனைவி மாதம்மாள் மறித்தாள். இன்ஸ்பெக்டர் அர்த்தனாரியிடம் கைகூப்பினாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு கை வெக்கலீங்க."

"பின்னே யாரு?"

"தெரியுமுங்க. இங்க வெச்சுச் சொல்ல முடியாதுங்க. தேன் வெட்டற மாசம்."

கருப்பண்ணனும் தரையைப் பார்த்தான்.

"எவனோ பெரிய கை, ஐயா. பயப்படறாங்க," என்று ராசாமணி கிசுகிசுத்தான்.

அர்த்தனாரி கூடாரத் துணியைப் பார்த்தார். மேலிருந்து கீழாக, பக்கம் பக்கமாக ஐந்து கிழிசல். கருப்பண்ணன் இடுப்பில் ஒரே கத்தி.

"எல்லாரும் கீழே வாங்க."

மலை இறங்கினார்கள், ராவ் சாகிப் மட்டும் டோலியில். காளப்பநாயக்கன்பட்டி ரோட்டில் அர்த்தனாரி நின்றார். "மலை தாண்டியாச்சு. இப்பச் சொல்லு."

கருப்பண்ணன் ஒருமுறை மலையைத் திரும்பிப் பார்த்தான். "கரடிங்க."

ராசாமணியின் கையிலிருந்த விலங்குச் சாவி நழுவியது. "உங்களுக்கு முன்னமே தெரியுமாங்க, ஐயா?"

"கிழிசல் சொல்லிச்சு. அப்புறம் இவங்க வாய் திறக்காதது. தேனெடுக்கிற காலத்தில் மலைமேல் பேரைச் சொன்னால் அது வந்துவிடும் என்ற பயம். ஸ்லாவியரின் முன்னோருக்கும் அதே பயம்தான். கரடியின் நிஜப் பேரை விட்டுவிட்டுத் தேன்தின்னி, மெத்வியெத், என்றார்கள். பழைய பேரே மறந்துபோச்சு. ராவ் சாகிப் சொல்லைப் பிளந்தார். முதன்முதலில் அப்படிச் சொன்னவன் ஏன் பயந்தான் என்று கேட்கவில்லை."

மறுநாள் கண்விழித்த வெள்ளைக்காரரும் காகிதத்தில் ஒரு கரடியை வரைந்து காட்டினார்.

"இருப்பினும்," என்றார் ராவ் சாகிப், "தேன் உண்பவன் என்ற என் பொருள் கருப்பண்ணனுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது."

கருப்பண்ணனுக்குத் தேன் ஆகாது. தின்றால் பேதி.