மூச்சு முறை

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் மூச்சு கொடுப்பதுதான் செவ்வாய்க் கிரகத்துக் குகையூரின் அகதிக் குடியிருப்பில் வழக்கம். பனிக்கட்டி வெட்டிக் காய்த்துப்போன கையால் அமலோற்பவம் தன் மூக்குக்குழலைக் கழற்றி, தோள்துண்டில் துடைத்து, குடியேற்ற அதிகாரி இளம்பரிதியிடம் நீட்டினாள். அவள் கழுத்துத் தோலுக்குள் பதித்திருந்த மூச்சளவி கீச்சிட்டது. அகதிகளுக்குக் காற்றை அளந்துதான் விடுவார்கள்.

"வேண்டாம்மா, நான் கொண்டுவந்திருக்கேன்" என்று அதிகாரி தன் குழலைத் தட்டிக் காட்டினார். கையில் பளபளவென்று ஒரு படப் புத்தகம். பக்கத்தைத் தொட்டால் படத்திலிருப்பவர்கள் மூச்சு விடுவார்கள்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை ஜெபமாலை வந்த கப்பல் இறங்க அனுமதியில்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் வானொலியில் அவள் குரல் இழுத்து இழுத்து வந்தது: "யக்கா, காத்து மெலிஞ்சிட்டு. பிள்ளையள் எந்திரிக்க மாட்டேங்குதுவ."

புத்தகத்தில் இருந்தது அமலோற்பவத்தின் சனம். கடல் ஊரை விழுங்கியதும் பழைய சரக்குக் கப்பலில் ஏறி முன்பே இங்கு வந்த, முத்துக்குளிக்கும் சனம். நாலு பேருக்கு ஒரு குழல். ஒரு 'அருள்நிறை மரியே' சொல்லி முடிக்கும்வரை ஒருவருக்கு மூச்சு. மற்ற மூவரும் அடக்கிக்கொள்ள வேண்டும். படம் வரைய வந்த பெண்ணிடம், "எங்காளுவ அசர மாட்டோம்" என்று மார்தட்டியவள் அமலோற்பவம்தான். செத்தவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்நியரிடம் பிணக்கணக்குச் சொல்வது அந்தச் சனத்தில் மானக்கேடு. பிள்ளைகள் புத்தகம் என்பதால் அந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

"கப்பல் சமாச்சாரம் என்னாச்சுய்யா?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். குடியேற்ற மன்றத்துல இந்தப் புத்தகத்தைப் படிச்சு அழாத ஆளில்லம்மா! அவசரமா இறக்கணும்னுதான் முதல்ல பேசினோம். அப்புறம் ஒருத்தர் இதை விரிச்சுக் காட்டினார். நாலு பேர் ஒரு குழல்ல வந்த சனமாச்சே, புதுக் குகை தயாராகிற வரைக்கும் தாங்குவாங்கன்னு ஒருமனதா முடிவாயிடுச்சு."

"தாங்குவாவளா? நாங்க வந்த கப்பல்ல என் வீட்டுக்காரரு செத்தாருய்யா. பாதிப் பேரு செத்தாவ!"

இளம்பரிதி பக்கங்களைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். "அப்படி ஒரு பக்கமே இல்லையேம்மா?"

"இப்ப சொல்லுதேன்லா!"

"முடிவெடுத்தாச்சே... ஆனா சும்மா விடலம்மா. கப்பல்ல இருக்கிறவங்களுக்கும் தெம்பா இருக்கட்டும்னு இந்தப் புத்தகத்தை ஏத்தி அனுப்புறோம்."

"அம்புட்டு எடைக்கும் காத்தை ஏத்தி அனுப்பும்!"

"காத்துக்கு ஒதுக்கீடு இல்லம்மா" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தத்தோடு. "புத்தகத்துக்குத்தான் சனங்க நன்கொடையைக் கொட்டுறாங்க."

அன்றே சரக்குக்கலம் பெட்டி பெட்டியாகப் புத்தகங்களோடு மேலே போயிற்று. அவற்றைப் பத்திரமாக இறக்கிக் கொடுத்துவிட்டு, காலியாகவே திரும்பி வந்தது.