பன்னிரண்டாவது இடது கால்

இன்பராஜ் நொண்டிக்கொண்டே மாடியேறி வந்தபோது மணி பதினொன்று. தான் திருடன் இல்லை என்று இரண்டு மணிக்குள் அவன் நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதலாளி நயீம் அகமது போலீஸுக்குப் போய்விடுவார்.

துப்பறிவாளர் தேவகி நாற்காலியைக் காட்டினார். உதவியாளன் டேனியல் நோட்டைத் திறந்தான். போலீஸ் தேர்வில் உயரம் அளக்கும் இடத்திலேயே மூன்று முறை தோற்றவன். ஆர்வத்தில் மட்டும் ஆறடி.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சாம்பிள் ஷூ தைப்பவன் இன்பராஜ். திங்களன்று முதன்முறையாக விமானம் ஏறி, பன்னிரண்டு சாம்பிள் ஷூக்களை, ஆர்டர் தரும் டெல்லி கம்பெனியில் ஒப்படைத்தான். எல்லாம் இடது கால் மட்டும். ஜோடியாக அனுப்பினால் எவனாவது போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று அப்படியொரு வழக்கம். மறுநாள் அங்கிருந்து ஷூக்களின் அடிப்பக்கத்தைக் காட்டும் போட்டோ ஒன்று வந்தது. பன்னிரண்டாவது, சோல் தேய்ந்த பழைய ஷூ. மேலே அதே கறுப்பு மாடல்தான். கம்பெனி ஒரு வருஷம் பாடுபட்ட புது சோலைக் காணோம்.

"ஒத்தக் கால டிசைனுக்குத்தான் திருடுவான். போட்டிக் கம்பெனிக்காரன் வேலைதான் இது," என்றான் டேனியல்.

பை எங்காவது கைவிட்டுப் போனதா என்று தேவகி கேட்டார். இல்லை. சென்னையில் சோதனையின்போது மட்டும், உள்ளே இரும்புத் தகடு தெரிகிறதென்று ஒரு சாம்பிளைத் தனி டிரேயில் வைத்தார்கள். அவன் ஷூவையும் கழற்றி அதிலேயே வைக்கச் சொன்னார்கள். அதற்குள் விமானம் ஏற அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அள்ளிக்கொண்டு ஓடினானாம்.

"கால்ல இன்னா கட்டு?"

"ப்ளேன்ல கால் வீங்கும்னாங்க மேடம். ஷூ கடிச்சிடுச்சு. வந்ததுலேர்ந்து செருப்புதான்."

"ரெண்டு காலுமா?"

"இடது மட்டும். ரெண்டு வருஷமா போடுற நம்ம கம்பெனி ஷூ, இப்ப போய்க் கடிக்குது."

அந்த ஷூவை அவன் மனைவி ஹெலன் கம்பெனிக்குக் கொண்டுவரட்டும் என்றார் தேவகி. டேனியல் அதற்குள் ஏழு சந்தேக நபர்களை எழுதியிருந்தான். ஏழாவது, விமானப் பணிப்பெண்.

ஒன்றே முக்கால். முதலாளியின் மேசையில் புகார்க் கடிதம் தயார், கையெழுத்துதான் பாக்கி. ஹெலன் பையை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றாள். தேவகி ஷூக்களை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். வலது சோல் வழவழவென்று தேய்ந்திருந்தது. இடதில் வரிகள் ஒன்றுகூட மழுங்கவில்லை.

"ப்ளேன்ல வீங்கினா ரெண்டு காலும் வீங்கும். ஒண்ணு மட்டும் கடிச்சா, அது புதுசு. சாம்பிள் அளவும் இவர் அளவும் எட்டு. டிரேயில ரெண்டு இடது கால் கிடந்துச்சு. அவசரத்துல பழசு பைக்குள்ள போச்சு. யாரும் போட்டுக்கிட்டுப் போகக் கூடாதுன்னு ஒத்தக் காலா அனுப்பினீங்க சாப். இவர் போட்டுக்கிட்டே போய்ட்டார்."

டேனியல் நோட்டில் ஏழு பெயர்களையும் மெதுவாகக் கோடிட்டு அடித்தான்.

நயீம் அகமது ஷூவின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இன்பராஜின் கட்டைப் பார்த்தார்.

"எவ்ளோ தூரம் நடந்தே?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும் சாப்."

"அதுக்கே இவ்ளோ பெரிய கட்டா?" புகாரை நான்காகக் கிழித்தார். "நாப்பதாயிரம் ஜோடி கேக்குறாங்க. நல்லவேளை, முதல்ல உன்னைக் கடிச்சுது. பின்பக்கத்தை இளக்கி வேற சாம்பிள் தை. இந்த தடவையும் நீதான் கொண்டுபோறே. செருப்பு போட்டுக்கிட்டு ப்ளேன் ஏறு."