மூடி போட்ட பிறகு விழுந்த படம்

மூடி போட்டு எடுத்த படம் கன்னங்கரேலென்றுதான் இருக்க வேண்டும். அதற்குத்தானே மூடி போடுவது? ஆனால் அன்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு, சீவலப்பேரி வீட்டு மொட்டைமாடியில், லேப்டாப் திரையை எதேச்சையாகப் பார்த்த கலைச்செல்விக்கு அந்தக் கறுப்பின் நடுவில் சாம்பலாக, நீளவாக்கில், ஏதோ ஒன்று கிடப்பது தெரிந்தது.

கலைச்செல்வி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். புது டெலஸ்கோப் வந்து பதினோரு ராத்திரி ஆகிறது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி என்ன ஒரே படத்தில் வந்து விழுந்துவிடுமா? மூன்று மூன்று நிமிடமாக நாற்பது படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அம்மணி முகம் காட்டுவாள். அதோடு தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கடைசியில் டெலஸ்கோப்பின் வாயை மூடிவிட்டு, வெறும் இருட்டையும் அதே மூன்று மூன்று நிமிடமாகப் பத்துப் படம் எடுக்க வேண்டும். டெலஸ்கோப்பில் மாட்டிய கேமரா சூட்டில் தானாகப் போடுகிற புள்ளிகள் அதில் விழும். கம்ப்யூட்டர் அவற்றை நல்ல படத்திலிருந்து கழித்துவிடும். துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும் படம். இருட்டுப் படத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கழிக்கப்போகிற குப்பையைக் கிளறிப் பார்ப்பார்களா என்ன? இத்தனை நாளில் அவளும் பார்த்ததில்லை.

பக்கத்தில் கோரைப்பாயில் அவள் புருஷன் கொம்பையா குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பொம்பளை தனியாக மாடியில் நிற்பதாவது என்று காவலுக்கு வருகிறவன், படுத்த ஐந்தாவது நிமிடம் லாரி ஓட்ட ஆரம்பித்துவிடுவான். போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் விழுந்தவன். அன்றைக்குப் போனதுதான் இவளுடைய தூக்கம். ஒரு குறட்டை நின்று அடுத்தது வருவதற்குள் இவளுக்கு உயிர் போய்த் திரும்பும். அந்தச் சத்தம் நிற்காமல் இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

"ஏங்க, கொஞ்சம் எந்திரிங்க. படத்துல வெளிச்சம் கசியுது. தெருவிளக்கு எதுவும் எரியுதா பாருங்க."

"வெளக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் வாயை அமுக்குத மாதிரி அந்த மூடியையும் நல்லா அமுக்கு டீச்சரம்மா," என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ஒருநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை மனுஷன். எப்போதும் டீச்சரம்மாதான்.

மூடியை அழுத்தினாள். அதன்மேல் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக் கயிற்றால் கட்டினாள். டவுன் பஸ் போன பிறகு தெருவில் நாய்கூட இல்லை. வயலில் பால் பிடிக்கிற நெல்லின் பச்சை வாசனையும் ஆற்றங்கரைச் சேற்று வாசனையும் கலந்து மாடிவரை ஏறி வந்தன, தைப்பனி டெலஸ்கோப் குழாயில் வியர்த்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது, எங்கேயோ ஒரு தவளை கத்திக்கொண்டே இருந்து சட்டென்று நிறுத்திக்கொண்டது. இரண்டாவது படம் வந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள்.

நீளமாகக் கிடந்தது பாய். பாயில் ஓர் ஆள். பக்கத்தில் ஸ்டூலில் லேப்டாப், அதன்முன் குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண். தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், எல்லாம் இந்த மாடிதான். மேலேயிருந்து பார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து யாரோ திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

பாயின் கால்மாட்டில் இன்னொன்று குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது.

தலை நிமிர்த்திப் பார்த்தாள். கால்மாட்டில் யாருமில்லை. பனியில் நனைந்த தரைதான்.

பழைய இருட்டுப் படங்களைத் திறந்தாள். முதல் ராத்திரி அது மேற்கு மூலையில், கைப்பிடிச் சுவரோரம் நின்றது. நாலாம் ராத்திரி தொட்டிக்குப் பக்கத்தில். எட்டாம் ராத்திரி தொட்டிக்கும் பாய்க்கும் நடுவில். பதினோரு ராத்திரியும் வந்திருக்கிறது. பதினோரு ராத்திரியும் அவளே தன் கையால் அதைக் கழித்துத் துடைத்துவிட்டு, ஆகா என்ன சுத்தமான படம் என்று கும்மாளம் போட்டிருக்கிறாள். அடிப்பாவி, ஒரு தடவை திறந்து பார்த்திருக்கக் கூடாதா!

மூன்றாவது படம் வந்தது.

அது அவன்மேல் குனிந்திருந்தது. நெஞ்சில் காதை வைத்திருந்தது. தினமும் இவள் வைப்பாளே, அப்படி.

குறட்டை நின்றது.

எண்ணினாள். ஒன்று. இரண்டு. ஐந்து. பத்து.

"ஏங்க!"

பாயில் விழுந்து உலுக்கினாள். அசையவில்லை. கன்னத்தில் அடித்தாள். உடம்பு பனியாய்ச் சில்லிட்டிருந்தது. "ஏங்க, எந்திரிங்க! என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க! சுடலமாட சாமி, எங்கன இருக்கே, ஓடியா!"

இழுத்து ஒரு மூச்சு வந்தது.

பிறகு இன்னொன்று. பிறகு குறட்டை, எப்போதும் போல, அதே ஏற்றம், அதே இறக்கம். கலைச்செல்வி அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். படமும் வேண்டாம், ஆண்ட்ரோமெடாவும் வேண்டாம். மனுஷன் பிழைத்தான், அது போதும். அசையாமல் அப்படியே கட்டிக்கொண்டு கிடந்தாள்.

ஸ்டூலில் லேப்டாப் ஒருதரம் மின்னியது. நாலாவது படம்.

படுத்தபடியே பார்த்தாள்.

பாய் தெரிந்தது. பாயில் இவள் கிடந்தாள். இவள் கட்டிக்கொண்டிருந்தது அதை.

மேற்கு மூலையில், கைப்பிடிச் சுவரோரம், பனியனும் இடுப்பில் கட்டிய சாரமுமாகக் கொம்பையா நின்றான். இவளைப் பார்த்துக் கையை நீட்டியிருந்தான். மூன்று நிமிடப் படத்தில் அசையாதது எல்லாம் கூர்மையாக விழுந்திருந்தது, சாரத்தின் கட்டம்கூட. தலை மட்டும் கூர்மையாக இல்லை. அது இடமும் வலமுமாகக் கலைந்து கிடந்தது. மூன்று நிமிடமும், ஒரு நொடி நிறுத்தாமல், வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டியிருக்கிறான்.

குறட்டை நின்றது.

"கலைச்செல்வி," என்றது அவள் கன்னத்துக்குக் கீழேயிருந்து கொம்பையாவின் குரல். "படம் வந்துட்டா?"