திமாப்பூர் விமானத்துக்கு முன்னால் வந்தது

“என்ன பாய், நேத்துதான ஊருக்கு வந்தீய? அதுக்குள்ள பொட்டியத் தூக்கிக்கிட்டு எங்க போயிட்டு வாரீய?”

ராஜபாளையம் பேருந்து நிலையத்து டீக்கடை குருசாமி இப்படிக் கேட்டதும் அபுபக்கருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி விற்க நாகாலாந்தில் திமாப்பூர் வரை போனவன், ஒரு மாதம் கழித்து இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். குருசாமிக்குக் கண்ணில் கோளாறு. கண்ணாடி போடச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

“நேத்து மத்தியானம் நான் திமாப்பூர்ல உக்காந்திருந்தேன் அண்ணாச்சி. பனிமூட்டம், பிளேனே கெளம்பல.”

“வெளையாடாதீய. அதே மத்தியானம் இந்தப் பெஞ்சுலதான் டீ குடிச்சீய. ஒங்க மேல அடிச்ச வீச்சத்துல பொறவு பெஞ்சையே கழுவி விட்டேன்.”

நடக்கையில் அபுபக்கர் மனதுக்குள் கணக்குப் போட்டான். திமாப்பூருக்கும் மதுரைக்கும் நேர்கோடு போட்டாலே இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் விமானம் மாறி, வானத்தில் இருந்தது மட்டுமே ஆறு மணி நேரம். மதியம் அங்கே இருந்தவன் அதே மதியம் இங்கே டீ குடிக்க எந்த விமானத்தாலும் ஆகாது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

தெருமுனையிலேயே நாற்றம் பிடித்துக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் சௌதாவுக்கென்று வாங்கிய பால்கோவா கெட்டுவிட்டதோ என்று பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தான், நெய்தான் மணத்தது. நாற்றம் எதிரிலிருந்து வந்தது. வெயிலில் கிடந்து ஊறிய ஆட்டுக்குடலும் அழுக்கு ஈரத்துணியும் சேர்ந்தாற்போல, நாக்கில் ஒட்டுகிற ஒரு தித்திப்போடு, அடிக்கு அடி கனத்துக்கொண்டே போய் அவன் வீட்டு வாசலில் முழுசாக நின்றது. எச்சிலை விழுங்கக்கூட அருவருப்பாக இருந்தது.

கதவைத் திறந்த மனைவி மாஜிதா அவனைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் அவனை.

“மச்சான்... நீங்க உள்ளல்ல இருக்கீய?”

“உள்ள யாரு இருக்கா?”

“நேத்து மத்தியானம் வந்தீய. வழியில ஒடம்பெல்லாம் புண்ணாயிட்டுன்னீய. ராத்திரி பூரா நான்தான கழுவிக் கட்டுனேன்?”

அவள் விரல் இடுக்குகளில் மஞ்சளாக என்னவோ காய்ந்திருந்தது. அந்தக் கையால் அவன் தோளைத் தொட வந்தாள். விலகிக்கொண்டான். கட்டிய மனைவியின் கை. தொட விடப் பிடிக்கவில்லை.

“சௌதா எங்க?”

“அத்தாகூடச் சாப்பிடுதா.”

பெற்ற அத்தா இங்கே நிற்கிறான். ஓடினான்.

வெளியூர் போய் வந்தால் மகளை மடியருகே வைத்து ஒரே சகனில் சாப்பிடுவது அவன் வழக்கம். அகலமான அந்தச் சகன் தட்டு நடு அறையில் பாய்மேல் இருந்தது. சன்னலில் மாலை வெயில் நன்றாகவே அடித்தது. எல்லாம் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

முதுகு காட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அவன் சட்டை. அவன் பிடரி. முழங்கைவரை துணிக்கட்டு. கட்டு நனைந்து சோற்றில் சொட்டியது. ஈ. எங்கும் ஈ.

எதிரே சௌதா. ஐந்து வயது. சம்மணம் போட்டு, பசியோடு.

கத்த வாயைத் திறந்தான். நாற்றம்தான் உள்ளே போனது.

“ஆ காட்டு, கண்ணு.” அவன் குரல். அவன் பேசவில்லை.

உருட்டிய சோற்றை அது பிள்ளையின் வாயில் வைத்தது. கையை எடுத்தபோது அதில் ஒரு விரல் குறைந்திருந்தது.

சௌதா மென்றாள்.