எதிர் வண்டியின் விளக்கு

மழை தூறிக்கொண்டிருந்தது. கருவேப்பிலங்குறிச்சி சாலையின் குறுகலான பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்த குட்டியானை வண்டி, விளக்கைச் சிமிட்டியது.

'அட... வழி விடுகிறாரே!' என்று நன்றியோடு காரைச் செலுத்தினாள் மோகனப்பிரியா.

நடுப்பாலத்தில் இரண்டு வண்டிகளும் முட்டாத குறையாக நின்றன. குட்டியானையை ஓட்டிவந்தவன் இறங்கி வந்தான்.

"ஏங்க, லைட்டு அடிச்சேனே... தெரியல?"

"அடிச்சதாலதாங்க வந்தேன்!"

"அடிச்சா நிக்கணுங்க. நான் வரேன், ஓரங்கட்டுன்னு அர்த்தம்."

"அயர்லாந்துல, நீங்க முன்னால போங்கன்னு அர்த்தம்."

அவன் பாலத்தை முன்னும் பின்னும் பார்த்தான். "இது விருத்தாசலங்க."

அவன் பின்னால் வந்து நின்ற பஸ்ஸு விடாமல் அலறியது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அங்க ஹாரன் அடிச்சா திட்டுறதுக்குச் சமம்..."

"இங்க அடிக்கலன்னாதான் திட்டுவாங்க. அப்ப அங்க எப்படித்தான் பேசிப்பீங்க?"

"ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்குவாங்க. வணக்கம், நன்றி எல்லாம் அதான்."

"இங்க தூக்கிப் பாருங்க... இறங்கி அடிக்க வருவான்!"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் உறைத்தது. அயர்லாந்தில், வேலை பார்க்கும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியில், முகம் தெரியாத யாரோ தூக்கிய அந்த ஒரு விரல்தான் பல நாட்கள் அவளுக்குக் கிடைத்த ஒரே பேச்சு...

அவள் ரிவர்ஸ் கியர் போடத் தடுமாறுவதைப் பார்த்து அவனே காரைப் பின்னால் எடுத்துக் கொடுத்தான். பின் இருக்கையில், புதிதாகச் சட்டம் போட்ட படம்.

"அப்பாவுங்களா?"

"ம்... காரியத்துக்குத்தான் வந்து சேர முடிஞ்சுது. முகம் பாக்கல."

 பஸ்ஸுக்காரன் திட்டத் திட்ட, அவள் அழுது முடிக்கும்வரை அவன் மழையில் நின்றான்.

அவன் பெயர் இனியவன். பீங்கான் பொம்மைகளை ஏற்றிச் செல்கிறவன். அப்பாவின் காரை விற்றுத் தருவதாகச் சொல்லி, ஆட்களைக் கூட்டிவந்தான். வந்தவர்களிடமெல்லாம் அவளே எஞ்சின் சத்தம், பிரேக் தகராறு என்று குறை சொல்லித் திருப்பி அனுப்பினாள். கார் விற்றுப்போனால் அவன் வரமாட்டான். அம்மா எப்போதோ போய்விட்டாள், இப்போது அப்பாவும் இல்லை. அயர்லாந்துக்குப் போய்விட்டால், இந்த ஊருக்குத் திரும்பி வர ஒரு முகம்கூட இருக்காது.

"லோடு வண்டிக்காரனுக்கு நம்ம வூட்டுல என்னம்மா வேலை?" என்றார், காரியத்துக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த சித்தப்பா ராஜமாணிக்கம். "வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வலை வீசறான்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இனியவன், மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. சித்தப்பாவே காரை விற்றார். அன்று மோகனப்பிரியா எந்தக் குறையும் சொல்லவில்லை.

கிளம்புகிற நாளன்று, ஆட்டோ பிடித்துப் பீங்கான் பட்டறைக்குப் போனாள். சூளைப் புகை மழையில் எழும்ப முடியாமல் தரையோடு கிடந்தது. அவன் வைக்கோலில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"போயிட்டு வாங்க" என்றான், திரும்பாமல்.

"எதுக்கு வரணும்?"

அவன் கை நின்றது.

"வூடு பூட்டியாச்சு. காரும் போச்சு. வரச் சொல்ல யாரும் இல்ல. நீங்களும் சும்மா வாய்வார்த்தைக்குத்தான் சொல்றீங்கன்னா, சொல்லாதீங்க இனியவன்."

"உங்க சித்தப்பா சொன்னது..."

"அது அவர் சொன்னது. நான் சொல்றதைக் கேளுங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குது."

இனியவன் கையிலிருந்த பொம்மையை வைக்கோலில் மெல்ல வைத்தான். பிறகு அவன் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கும்தாங்க... அந்தப் பாலத்துல நீங்க அழுதப்பவே. ஆனா பயமா இருக்குது. போயி மறந்துருவீங்கன்னு இல்ல. மறக்காம, அங்க தனியாக் கெடந்து கஷ்டப்படுவீங்களேன்னு..."

"கஷ்டந்தான் இப்பவும் படுறேன். இனிமே யாரை நெனச்சுன்னு தெரிஞ்சாவது படுறேனே..."

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. களிமண் காய்ந்து வெளுத்த கையை அவன் சட்டையில் துடைக்கப் போனான். துடைக்கவிடாமல் அவள் பற்றிக்கொண்டாள்.