பல் தேய்த்துக்கொண்ட பேரரசர்

அந்த வீட்டில் அன்று காலை ஒரு ரோமானியப் பேரரசர் பல் தேய்த்துக்கொண்டார். ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடங்களில் இதுதான் முதல் முறை. நம்பாதவர்கள் குளியலறையில் போய்ப் பார்க்கலாம். நுரை இன்னும் காயவில்லை.

தேய்த்துவிட்டவன் குண்டூசி. வயது ஐந்து.

"வக்கீலக்கா, இங்க பாரேன்! காசுத் தாத்தா எப்படி மின்னுறாரு!"

வக்கீலக்காவுக்குப் பத்து வயது. வீட்டில் யார் திட்டு வாங்கினாலும் குறுக்கே வந்து வாதாடுவாள். அதனால் அந்தப் பெயர். காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அது சித்தப்பாவின் செப்புக்காசு. கரும்பச்சைக் களிம்புக்குள் தாடியோடு ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் கம்பீரமாக இருப்பார். பழைய காசுக்கு அந்தக் களிம்புதான் அழகு. அதைச் சுரண்டினால் மதிப்பே போய்விடும். இப்போது களிம்பைக் காணோம். தாடியிலும் பாதியைக் காணோம். அரசர் புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்தார்.

மாலையில் காசுக் கண்காட்சி. சித்தப்பாவுக்கு முதல் முறையாக ஒரு மேசை கொடுத்திருந்தார்கள்.

விஷயம் புரிந்ததும் குண்டூசி கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

"சித்தப்பா இனிமே என்கூடப் பேசவே மாட்டாரு," என்று கட்டில் விசும்பியது.

"யாருடா உன்னைத் தேய்க்கச் சொன்னது?"

"சித்தப்பாதான்! கறை இருந்தா விடாம தேய்க்கணும்னு தினமும் சொல்றாரே!"

சித்தப்பா பல் மருத்துவர்.

வக்கீலக்கா நேராக அவரிடம் போனாள்.

"சித்தப்பா, நீங்க சொன்னதை அப்படியே கேக்குற ஆளு இந்த வீட்ல ஒருத்தன்தான் இருக்கான். அவனைத் திட்டக் கூடாது," என்று காசை நீட்டினாள்.

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி அங்கே இல்லை.

"எந்த பேஸ்ட்?" என்று தரையிலிருந்தே கேட்டார்.

"ஸ்ட்ராபெரி."

"ஐயோ, அரசரே! சாயங்காலம் நான் எதைக் கொண்டுபோய் வைப்பேன்?"

"இவரையேதான். பக்கத்துல களிம்பு போகாத உங்க நீரோ ராஜா காசை வைங்க. அவரு தேய்க்காதவரு, இவரு தேய்ச்சவரு. மீதியை நான் எழுதித் தரேன்."

அன்று மாலை அந்த மேசையில்தான் கூட்டம் அலைமோதியது. அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'தேய்த்தால் இப்படித்தான்!'

"நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேன்," என்று ஒருவர் சித்தப்பாவின் காதோடு சொன்னார். காசு சேகரிப்போர் சங்கத் தலைவர் தன் மேசைக்கு ஓடிப்போய், பளபளத்த காசு ஒன்றை மெதுவாகச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

சித்தப்பா குண்டூசியைத் தூக்கி மேசை ஓரத்தில் உட்கார வைத்தார்.

"எப்படித் தேய்ச்சேன்னு நீயே சொல்லுடா, துரை!"

"வட்டமா, மெதுவா, ஒரு இடம் விடாம!" என்றான் குண்டூசி. கூட்டம் கைதட்டியது. சித்தப்பாதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

மறுநாள் காலை குண்டூசி பல் தேய்க்க மறுத்துவிட்டான்.

"களிம்புதான் அழகு. சித்தப்பாவே சொன்னாரு. நீ சொல்லுக்கா!"

அந்த வழக்கில் மட்டும் வக்கீலக்கா வாதாடவில்லை. பிரஷ்ஷை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.